முதல் சாட்சி

இன்று காலை நாகலூர் பஸ்ஸுக்காக நின்றபோது, வெட்டிய சில்வர் ஓக் மரங்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி கடந்து போனது. பச்சை மரத்தின் வாசனை. உன் ஞாபகம் வந்தது. கூடவே உன் தம்பியின் ஞாபகமும். இரண்டாவது இன்னும் இனிமையாக இருந்தது.

நீ சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உன் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களை அவன் வெட்டி விற்றான். மருத்துவச் செலவுக்கு என்றான். ஆஸ்பத்திரி இருந்த திசைக்கு அவன் வரவில்லை. மனைவி மக்கள் இல்லாத உனக்குக் கஞ்சி ஊட்டியவள், வீட்டோடு இருந்து வேலை பார்த்த செல்வி. திரும்பி வந்து, வெயிலில் கருகிய செடிகளைப் பார்த்தாய். "தம்பி தோட்டத்துக்கு நல்லா வெளிச்சம் குடுத்திருக்கான்" என்றாய். நீ மன்னித்துவிட்டதாக ஊர் சொன்னது. பாதிரியார் அதைப் பிரசங்கத்திலும் சேர்த்துக்கொண்டார்.

பிறகு உன் கையாலேயே உயில் எழுதினாய். வீடும் தோட்டமும் தம்பிக்கு, மிச்சமெல்லாம் செல்விக்கு, நிறைவேற்றும் பொறுப்பு எனக்கு. சாட்சிக்குப் பக்கத்து எஸ்டேட் ரைட்டரோடு இன்னொருவரையும் கூப்பிடலாமா என்று இழுத்தாய். கல்யாணப் பதிவேடோ கோயில் கமிட்டித் தீர்மானமோ, முதல் கையெழுத்து தன்னுடையதாக இல்லாவிட்டால் உன் தம்பிக்குச் சோறு இறங்காது.

"ஏனுங்கண்ணா, நான் இருக்கறப்ப வெளியாளுக எதுக்குங்க?"

"அதுவுஞ் சரிதான் கண்ணு. போடு. நல்லா அழுத்திப் போடு."

கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நீ. நம் கிறிஸ்தவக் குடும்பங்களில், சாட்சிக் கையெழுத்துப் போட்டவனுக்கு அந்த உயிலால் எதுவும் சேராது என்பது உனக்குத் தெரியாதா? என்னைப் பார்த்தாய். நான் ஜன்னல் வழியே மூடுபனியை ரசித்தேன்.

உன்னை அடக்கம் செய்த மறுநாளே, "ஞாயித்துக்கெழமைக்குள்ள ஊட்டைக் காலி பண்ணு" என்று செல்வியிடம் உன் தம்பி சொன்னான். அவனை நானே வக்கீலிடம் அழைத்துப் போனேன்.

"இந்தக் கையெழுத்து உங்களுதுங்களா?" என்றார் வக்கீல்.

"ஆமாங்க. மொத சாட்சியே நாந்தானுங்க."

அவனுக்கு எழுதியதும் மிச்சத்தோடு சேர்ந்து செல்விக்கே போனது.

போன வாரம் என் வீட்டுக்கு வந்தான். "தெரிஞ்சிருந்தும் ஒரு வார்த்தை சொல்லலீங்களே?"

"நீங்க கேக்கலீங்களே."

அழுதான். எனக்கு இரக்கம் வரும் என்று, அவன் முன்னால் இருந்த காப்பி ஆறும்வரை காத்திருந்தேன். வரவில்லை.

உயிலில் எனக்கென்று நீ எதுவும் எழுதவில்லை. ஆனாலும் அவன்மேல் உனக்கிருந்த கோபம் முழுசாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதில் யாருக்கும் பங்கு கொடுக்கும் உத்தேசம் எனக்கில்லை.