ஒரு தடவைதான் கேட்டார்கள்

ஸஹ்லே,
ஈஸ்டர் முடிந்து மூன்றாவது வாரம்

அன்பு மகள் ரந்தாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும், அந்த ஊர்க் குளிர் உங்களில் யார் நெஞ்சிலும் இறங்கக் கூடாது என்று மாதாவிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நான் நலம் என்று இங்கே எழுதப் போவதில்லை, அதைத்தான் மிர்னா ஞாயிறுதோறும் உனக்குப் போனில் சொல்லிவிடுகிறாளே, அப்பா நல்லா சாப்பிடுறாரு, நல்லா தூங்குறாரு, எல்லாரோடயும் கலகலன்னு இருக்காருன்னு. போனை அவளே பிடித்துக்கொண்டு நீ சொன்னதை என் காதில் கத்தி, நான் சொன்னதைப் பாதியாக்கி உனக்குச் சொல்லி, கடைசியில் பேசி முடிப்பது நீங்கள் இரண்டு பேரும்தான். அதனால்தான் இந்தக் கடிதம். என் அறையில் இருக்கும் அபூ நக்லேயின் உறவுக்காரப் பையன் மான்ட்ரியாலுக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இடுப்பில் வைத்த இரும்பு மழை வருவதற்கு முன்பே வலித்துச் சொல்லிவிடுகிறது, மற்றபடி ஊன்றுகோலோடு முற்றம் வரை போய் வருகிறேன். இங்கே பருப்பு சூப்பில் எலுமிச்சை பிழிவதில்லை, கேட்டால் வயிற்றுக்கு ஆகாதாம். அதெல்லாம் போகட்டும். இந்த மிர்னாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இந்த முதியோர் இல்லத்தின் சமூகப் பணியாளர் என்று மட்டும்தான் அவளை உனக்குத் தெரியும். கெட்ட பெண் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பெய்ரூட்டில் படித்துவிட்டு வந்தவள். நம்மிடம் பேசுவதற்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு நம் முகத்துக்கு நேராக உட்காருவாள், கையைப் பிடித்துக்கொள்வாள், கண்ணைப் பார்ப்பாள், கிணற்றுக்குள் இருப்பவனிடம் பேசுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாக இறக்குவாள், ஷக்கீப் மாமா, இன்னைக்கு நாம குளிக்கலாமான்னு. நாமளா, நீ எதுக்கும்மா, நான் மட்டும் குளிச்சுக்கிறேன்னு சொன்னேன். அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பெல்லாம் நல்லாத்தான் சிரிக்கிறாள்.

ஆனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள், அதுதான் என் வயிற்றெரிச்சல். எதையும் ஒரு தடவைதான் கேட்பாள். வேண்டாம் என்று நாம் சொன்னால், சரி மாமா உங்க இஷ்டம்தான் எங்களுக்கு முக்கியம் என்று கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். ஈஸ்டர் அன்று பேரீச்சம்பழம் வைத்த மாமூல் என்கிற பலகாரம் ஒரு பெரிய தட்டு நிறைய வந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டிச் சாப்பிடுறீங்களா என்று கேட்டாள். இந்த ஊரில் பிறந்தவன் எவனாவது முதல் தடவையிலேயே கை நீட்டுவானா, உன் கைக்கு ஆரோக்கியம் மகளே, வேண்டாம்மா, வயிறு நிறைஞ்சிருக்கு என்றுதான் எல்லோரும் சொன்னோம். தட்டு அப்படியே சமையலறைக்குத் திரும்பிப் போனது. அத்தனை கிழடுகளின் கண்ணும் தட்டின் பின்னாலேயே போனதை நீ பார்த்திருக்க வேண்டும். நம்ம ஆளுங்களுக்கு இனிப்பே பிடிக்காதுபோலன்னு அவள் சமையல்காரியிடம் சொன்னது எனக்கே கேட்டது, இத்தனைக்கும் எனக்குக் காது மந்தம். அன்று சிரித்தோம். அதற்குப் பிறகு நடந்ததற்குச் சிரிக்க முடியவில்லை.

அபூ நக்லேயின் தம்பி ஃபுர்ஸுலில் சாகக் கிடந்தான். பக்கத்து ஊர், என் டாக்சியில் எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருப்பேன், ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். செய்தி வந்ததும் மிர்னா ஓடி வந்து வழக்கம்போல நாற்காலி போட்டு, கையைப் பிடித்து, தம்பியப் பாக்கப் போறீங்களா மாமா, வண்டி ஏற்பாடு பண்ணட்டுமா என்று கேட்டாள். அபூ நக்லே அதற்கு முன்பே கோட்டைப் போட்டுவிட்டார். ஷூ போட்டுவிட்டார், கயிறு கட்டியது நான்தான், அவருக்குக் குனிய முடியாது. அப்படிப் புறப்பட்டு உட்கார்ந்துகொண்டுதான் அந்த மனுஷர் சொன்னார், எதுக்கும்மா டிரைவருக்குச் சிரமம், ஞாயித்துக்கெழமை அதுவுமா, பரவால்ல விடுன்னு. உங்க மனசு கஷ்டப்படுற மாதிரி எதையும் செய்ய மாட்டோம் மாமா என்று அவர் தோளைத் தடவிவிட்டுப் போய்விட்டாள். நான் குளியலறையிலிருந்து வருவதற்குள் இந்தப் பேச்செல்லாம் முடிந்துவிட்டது. வண்டி எங்கேன்னு கேட்டேன். வந்துரும், இப்ப மறுபடியும் கேப்பா பாருன்னார். இருட்டும் வரை ஷூவைக் கழற்றவில்லை. மறுநாள் தம்பி போய்விட்டான்.

நான் விடவில்லை. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு அவள் அறைக்கே போய்க் கத்தினேன், மனுசன் ஷூ மாட்டிட்டு உக்காந்திருந்தானே, அது உன் கண்ணுக்குத் தெரியலியா, வாயிலேர்ந்து வந்தது மட்டும்தான் காதுல விழுமா, உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா இப்படித்தான் ஒரு தடவை கேட்டுட்டு அடுப்ப அணைப்பியான்னு. அழுதுவிட்டாள். வீட்ல கையில திணிப்பேன் மாமா, இங்க அப்படிச் செய்யக் கூடாதுன்னுதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க, எனக்கு முன்னாடி இங்க இருந்தவங்க மூக்கப் பிடிச்சு வாயில சோறு ஊட்டுனாங்க, அது உங்களுக்கு மறந்துபோச்சா, வயசானவங்க வேண்டாம்னு சொன்னா அந்த வார்த்தைக்கு மதிப்புக் குடுக்கணும்னுதான் நான் இருக்கேன் என்றாள். அவள் சொன்னதும் பொய் இல்லை, எனக்கு அது மறக்கவில்லை. அப்போதுதான் மூக்கைத் துடைத்துக்கொண்டே அதையும் சொன்னாள். உங்களுக்கும் அப்படித்தானே மாமா செஞ்சேன், உங்க மக குளிர்காலத்துல கேட்டாங்களே, அப்பா எங்ககூட வந்து இருப்பாரான்னு, நீங்க வேண்டாம்னீங்க, நானும் ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே சொன்னேன் என்றாள்.

அதற்கு என் மகள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். அப்படியா, சரி அப்ப, அவர் இஷ்டம்னு சொன்னாங்க என்றாள்.

ரந்தா, அன்று நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாவம் அவளுக்கு ஆயிரம் வேலை, கிழவன் ஒருத்தன் எதுக்கு, இங்கயே எனக்கு ராஜ உபசாரம்னு சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறுக்காகக் காத்திருந்தேன். அடுத்த ஞாயிறு நீ பேரனின் பல்லைப் பற்றிப் பேசினாய். அதற்கடுத்தது பனியைப் பற்றி. உங்கள் வீட்டுக் காலி அறையில் இப்போது மாப்பிள்ளை உடற்பயிற்சி சைக்கிள் வாங்கிப் போட்டிருக்கிறார் என்று மிர்னா சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு நெஞ்சு எரிந்தது, இப்போதும் எரிகிறது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். மிர்னாவுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? உன் அம்மா காபிக் கோப்பையோடு தெரு முனை வரை விருந்தாளியைத் துரத்திக்கொண்டு போனவள். சின்ன வயதில் ஜமீலே அத்தை வீட்டில் பாதாம் மிட்டாய் நீட்டினபோது நீயும் மரியாதையாக வேண்டாம் என்றாய், அத்தை கை வேலையில் மறந்து திரும்பக் கேட்கவில்லை. வீடு வரும் வரை டாக்சியின் பின்சீட்டில் அழுதாய், அத்தை மறுபடி கேக்கவே இல்லப்பா, கேக்கவே இல்லப்பான்னு. அந்தப் பெண்ணா நான் முதல் தடவை வேண்டாம் என்றதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்? வைத்தபோது உனக்கு அப்பாடா என்று இருந்ததா, அதை மட்டும் எனக்கு உண்மையாகச் சொல். இருந்திருந்தாலும் சொல். இந்த வயதில் எனக்கு வேறு என்ன பயம்?

மிர்னா இப்போது மாறப் பார்க்கிறாள், பாவம். நேற்று வந்து, மாமா, ஞாயித்துக்கெழமை உங்க மகள்கிட்ட நானே பேசுறேன், நேராச் சொல்லுங்க, அவங்ககிட்டப் போகணும்னு ஆசை இருக்கா இல்லியான்னு கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். ஐயையோ எதுக்கும்மா, அவளுக்குச் சிரமம் என்றுதான் வந்தது. நாக்கு அப்படியே பழகிவிட்டது, அதை உடைத்தாலும் முதல் தடவையில் ஆமாம் என்று சொல்லாது. இந்தக் கடிதத்திலும் எழுத வரவில்லை பார்.

அபூ நக்லே இப்போது யாரிடமும் பேசுவதில்லை, சாப்பாட்டை மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொல்லிச் சாப்பிட வைக்கிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். காதை மூடிக்கொண்டு வெளியே போ. பேரனுக்கு அரபியில் நாலு வார்த்தையாவது சொல்லிக்கொடு. உன் வீட்டில் அடுப்பும் விளக்கும் அணையாதிருக்கட்டும், கடவுள் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனை என் கையில் கொடுக்கச் சொல், நீயே கேள். முதல் தடவை வேண்டாம் என்பேன். இரண்டாவது தடவை, உனக்கு எதுக்கும்மா சிரமம் என்பேன். போனை வைத்துவிடாதே.

ஷூவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா,
ஷக்கீப்