விரலில் இல்லாத மை

என் தேவ்நரைனுக்கு,

நீ ஜெயித்ததைக் கேட்டதும் அழுதுவிட்டேன். உன் அப்பா கரும்பு வெட்டிய கையோடு கொடி பிடித்து வளர்த்த கட்சி அல்லவா.

அன்றைய பிரசாரக் கூட்டத்தில் எனக்குப் பந்தல் நிழலில், முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தாய். சர்க்கரை ஆலை மூடி வேலை போனவர்களைக் குறுக்கே கயிறு கட்டிப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். நான் எழுந்து அங்கே போனேன். உன் அப்பாவோடு கரும்பு வெட்டிய சூக்தேவ் சிரித்தார்.

“வேட்பாளரோட அம்மாவுக்கு இங்க என்ன வேலை? நெழல்ல போய் உக்காருங்க அண்ணி. எங்களுக்கு வெயில் பழகிப்போச்சு.”

நீ ஆலையைப் பற்றிப் பேசுவாய் என்று கடைசிவரை நின்றோம்.

ஓட்டுப் போட்ட மை விரலில் எங்கே என்று உன் தங்கை கேட்டாள். பாத்திரம் தேய்த்ததில் போய்விட்டது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து சாப்பிட வா. பருப்பு வைத்துத் தால்பூரி சுட்டு வைக்கிறேன். விரலைப் பற்றி மட்டும் கேட்காதே. உன்னிடம் எனக்குப் பொய் சொல்ல வராது.

உன் அம்மா