நன்றி நோட்டீஸில் இல்லாத பெயர்

என் கூடப்பிறந்த உயிரே, பேச்சியக்கா,

நீ போய் இன்றோடு இருபத்தோரு நாள். ஊரில் சாரல் பிடித்துவிட்டது. மெயின் அருவியில் நேற்று தண்ணீர் அதிகமாகி, யாரும் குளிக்கக் கூடாது என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டார்கள். அதையும் போட்டோ எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் குடையோடு நிற்கிறது. நீ இருந்தால் துவைக்கக் குவிந்திருக்கும் பெட்ஷீட்டை எல்லாம் எங்கே காயப்போடுவது என்றுதான் முதலில் கவலைப்பட்டிருப்பாய்.

நான் கோபமாக இருக்கிறேன் அக்கா. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உருக்கமாக எழுத நம் சொந்தத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

துக்கம் கேட்க வந்த ஒருவர் என் தோளில் கைபோட்டு, "அம்பத்தெட்டு வயசு வரைக்கும் இருந்தாளே முத்தையா, அதுக்கு நன்றி சொல்லு" என்றார். ஐம்பத்தெட்டெல்லாம் போகிற வயதா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் பூப்படம் போட்டு நன்றியுணர்வைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. நீ டயாலிசிஸுக்குப் போய்வந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு நாள்கூட உன்னோடு துணைக்கு வராதவர்கள் அனுப்புகிற செய்தி. கூடவே கும்பிடுகிற பொம்மை வேறு. போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம்போல் வருகிறது.

இதற்கெல்லாம் நீயும் ஒரு காரணம். தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் எனக்குப் போன் பண்ணி, அன்றைக்கு யாருக்கு எதற்கு நன்றி என்று ஒப்பித்தாயே, அந்தப் பழக்கம்தான். "ஏலே, மழை விட்ட நேரத்துல பன்னெண்டு பெட்ஷீட் காஞ்சிட்டு, நல்ல வெயிலுலே." "செங்கோட்டை பஸ்ல ஒரு காலேஜ் புள்ள எந்திரிச்சு எடம் தந்துச்சுலே, பேரு கேக்க மறந்துட்டேன்." அத்தான் லாரி விபத்தில் போனபோது செல்விக்கு நாலு வயது. அந்த வருஷம்தான் நீ இதை ஆரம்பித்தாய். கைக்குழந்தையை விடக் கொஞ்சம் பெரிதான ஒன்றை வைத்துக்கொண்டு நிற்கிறவளுக்கு நன்றி சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கே எரிச்சல்.

கேட்டும்விட்டேன். நினைவிருக்கிறதா? பெரியாஸ்பத்திரியில் உன் கையிலிருந்து ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. நீ ஜன்னலோரக் கட்டில் கிடைத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். "எனக்கு ஏன் இது வந்துச்சுன்னு நீ கேக்கவே மாட்டியா?" என்று கத்தினேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"கேக்காமலா இருப்பேன்? நெறைய கேட்டுட்டேன்லே. ஒருத்தரும் பதில் சொல்லல. அதையே கேட்டுக்கிட்டு கெடந்தா எனக்கு இந்தக் குழாய் மட்டுந்தான் தெரியுது. ஜன்னலப் பாத்தா மலை தெரியுது. நான் என்ன செய்ய?"

அன்றைக்கு எனக்கு எரிச்சல் போகவில்லை.

இனி உனக்குத் தெரியாத கதை. உன் சாவுக்கு, நீ வேலை பார்த்த லாட்ஜின் முதலாளி வந்தார். அவர் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். பெரிய கார், ஆள் உயர ரோஜா மாலை. உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. "பேச்சி எங்க வீட்டு மனுஷி மாதிரி" என்றார். நம் ஆட்களுக்கு அழுகைக்கு நடுவிலும் பெருமை தாங்கவில்லை.

அந்த வீட்டு மனுஷியை அவர் என்ன செய்தார் என்பதை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சீசனில், மதுரையிலிருந்து வந்து தங்கிய குடும்பத்தின் குழந்தைச் சங்கிலியைக் காணோம். அறைச் சாவி உன்னிடம் இருந்தது. வரவேற்பறையில் அத்தனை பேர் பார்க்க உன் பையைக் கவிழ்க்கச் சொன்னார். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டச் சொன்னார். புளிசாதத்துக்குள் சங்கிலி இல்லை என்பதைப் பார்த்த பிறகும், நாளையிலிருந்து வராதே என்று சாவியை வாங்கிக்கொண்டார். நாலாம் நாள் அந்தக் குழந்தையின் அம்மா மதுரையிலிருந்து போன் பண்ணினார். சங்கிலி அவர்களுடைய ஈரத்துண்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்ததாம். மேனேஜர் உன்னை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. திருடி என்றது நடுக்கூடத்தில்; திருடி இல்லை என்றது போனில், அதுவும் மேனேஜர் வாயால், மெதுவாக.

நீ போனாய். பிழைப்பு, போகத்தான் வேண்டியிருந்தது. ஆனால் பேச்சு உன்னோடு திரும்பி வரவில்லை, அது இலஞ்சியிலும் தென்காசியிலும் தன்பாட்டுக்குச் சுற்றியது. செல்விக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இரண்டு இடம் தட்டிப்போனது எதனால் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நாலாம் நாள் சாயங்காலம் நீ போனில் சொன்னது இது: "அந்த மதுரைக்காரம்மா போன் பண்ணிச் சொல்லாமலேயும் இருந்திருக்கலாம்லா? சொன்னாளே. அவ நல்லா இருக்கணும்." நான் போனை வைத்துவிட்டேன். மூன்று நாள் உன்னோடு பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நன்றி நோட்டீஸ் அடிப்பது நம் பக்கத்து வழக்கம். சாவுக்கு வந்தவர்கள், மாலை போட்டவர்கள், தோள் கொடுத்தவர்கள் என்று வரிசையாகப் பெயர் போட்டு நாலு தெருவில் ஒட்டுவோம். அதை வைத்துத்தான் தென்காசியில் என் டிடிபி கடையே ஓடுகிறது. எத்தனை ஆயிரம் நன்றி அடித்திருப்பேன், எனக்கே தெரியாது. அதில் ஒரு வரிசையும் உண்டு: முதலில் பெரிய ஆள், கடைசியில் "மற்றும் உற்றார் உறவினர்". தோள் கொடுத்தவன் எப்போதும் அந்த "மற்றும்" என்பதற்குள்தான் கிடப்பான்.

உன் நோட்டீஸையும் நானேதான் அடித்தேன். செல்வி வீட்டுக்காரர் கணேசன் பட்டியல் அனுப்பியிருந்தார். பழைய நோட்டீஸ் ஒன்றைத் திறந்து, பெயர்களை மாற்றிக்கொண்டே வந்தேன். பிரிண்ட் எடுத்துப் பார்க்கிறேன், முதல் வரியில் கொட்டை எழுத்தில் "எங்கள் குடும்பத்தின்மீது என்றும் அக்கறை கொண்ட" என்று போட்டு உன் முதலாளி பெயர் நிற்கிறது. யார் அடித்தது? என் கைதான். பட்டியலில் பெயர் மட்டும்தான் இருந்தது. அக்கறையை என் கைவிரல் தானாகச் சேர்த்திருக்கிறது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

பெயரை எடுத்தேன். கணேசன் கடைக்கே வந்துவிட்டார். "மாமா, அவ்ளோ பெரிய மனுஷன் வந்திருக்காரு. பேரு இல்லன்னா நல்லாவா இருக்கும்? அத்தை இருந்தா நன்றிதான் சொல்லியிருப்பாங்க."

இதையே எல்லோரும் சொன்னார்கள். பேச்சி எல்லாருக்கும் நன்றி சொல்லுவா, பேச்சிக்கு யார்மேலயும் வருத்தம் கிடையாது. உயிரோடிருந்தபோது உன் பையைக் கவிழ்த்தார்கள், போனபிறகு உன் நன்றியை எடுத்து உன் வாயிலேயே அடைக்கிறார்கள். ஆனால் எனக்கு உள்ளே ஒரு பயமும் இருந்தது. கணேசன் சொல்வது உண்மையாக இருந்தால்? நீ அவருக்கும் நன்றி சொல்லியிருந்தால்?

அதனால் சுப்புவைத் தேடிப் போனேன். லாட்ஜ் துணி துவைக்கிற கல்லில் பத்து வருஷம் உன் எதிரில் நின்றவள் அவள்தானே. துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டே, நான் கேட்டதற்கு நிமிராமல் பதில் சொன்னாள்.

"மொதலாளிக்கா? ஒரு நாளும் சொல்லல அண்ணே. நானே ஒருவாட்டி கேட்டேன், ஏங்க்கா, வேலைக்குத் திரும்பச் சேத்துக்கிட்டாரே, அவருக்குச் சொல்லலையான்னு. 'அவரு என்ன செஞ்சாருன்னு சொல்லுட்டி, இப்பவே சொல்லுதேன்'னா. 'செய்யாதவனுக்கும் நன்றி சொல்லிட்டா, செஞ்சவங்களுக்கு நான் எதச் சொல்லுவேன்'னு கேட்டா."

அந்த ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. இருபது வருஷத்துக்கு மேல் தினமும் உன் போனை எடுத்திருக்கிறேன். நீ யார் பெயரைச் சொல்கிறாய் என்று எரிச்சல்பட்டேனே தவிர, யார் பெயரைச் சொல்லவில்லை என்று ஒரு நாள் கவனிக்கவில்லை. உன்னைப் பாவம், ஏமாளி என்று நினைத்தவர்களில் முதல் ஆள் நான்தான். நீயோ ஒவ்வொரு நாளையும் அலசிப் பார்த்து, நல்லதை நல்லது என்று எடுத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் கெட்டது எது என்பதும் உனக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

திரும்பி வந்து நோட்டீஸை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக அடித்தேன். வாரம் இரண்டு நாள் உன்னை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, முடிகிறவரை வாசலில் காத்துக்கிடந்த ஆட்டோ இப்ராகிம். ஊசி போடும்போதெல்லாம் உன்னிடம் பேச்சுக் கொடுத்த நர்ஸம்மா. உன் வேலையையும் சேர்த்துச் செய்த சுப்பு. இவர்களுக்கெல்லாம் மேலே, முதல் வரியில், கொட்டை எழுத்தில் இப்படிப் போட்டேன்: "காணாமல் போன சங்கிலி தங்கள் துண்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது என்று மறைக்காமல் போன் செய்து, எங்கள் பேச்சியம்மாள் மேல் விழுந்த திருட்டுப் பழியைத் துடைத்த, பெயர் தெரியாத மதுரை அம்மாவுக்கு எங்கள் குடும்பத்தின் முதல் நன்றி."

இலஞ்சியில் ஒட்டினோம். தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒட்டினோம். குற்றாலம் கடைத்தெருவில் சிப்ஸ் கடைக்கும் ரம்புட்டான் கடைக்கும் நடுவில், உன் லாட்ஜுக்குப் போகிற வழியெல்லாம் ஒட்டினோம். சங்கிலி கிடைத்ததைப் பற்றி ஏழு வருஷம் வாயைத் திறக்காத ஊர் இரண்டே நாளில் பேச ஆரம்பித்தது.

முதலாளி நேராகக் கடைக்கு வந்தார். "என்ன வே முத்தையா, என்னைய சந்தியில இழுத்துட்டீரு?"

"உங்க பேரே அதுல இல்லையே அண்ணாச்சி."

"அதத்தான் கேக்கேன். நான் வரலையா? மாலை போடலையா?"

"வந்தீங்க, போட்டீங்க. அவ உயிரோட இருக்கையில அவகிட்ட சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை இருந்துச்சே, சொன்னீங்களா?"

"அவ ஒண்ணும் கேக்கலையே வே!"

கேட்கவில்லையாம். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வேலை செய்தாய், அதனால் உனக்கு ஒன்றும் பாக்கியில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார் மனிதர். "கேட்டாத்தான் சொல்லுவீங்களோ? இப்ப நான் கேக்கேன் அண்ணாச்சி, சொல்லுங்க" என்றேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் நாலு பேர் நின்றார்கள். அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் உனக்குச் சொல்ல வந்தது அதற்குப் பிறகு, நேற்று நடந்தது. செல்வியின் மாமியார் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்தார். சாரலில் சேலை முழுக்க நனைந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அந்தச் சங்கிலி கெடச்சிட்டுன்னு எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலையே."

"நாங்க சொன்னா நம்பியிருப்பீங்களா மயினி?"

நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "பேச்சி மகளப் பாக்க வரும்போதெல்லாம் நான் பீரோவப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிடுவேன். அவ பாத்திருப்பாளோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நனைந்துபோய் நிற்கிற வயதான பெண்பிள்ளை. ஆனால் உன் விஷயத்தில் இனி ஒரு பொய்யும் வேண்டாம் என்று தோன்றியது. "பாத்திருப்பா மயினி. ஆனா உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனா, நீங்க சூடா இட்லி வச்சத மட்டுந்தான் எங்கிட்ட சொல்லுவா."

கடை வாசலில் நின்று விம்மி விம்மி அழுதார். பேச்சி மவராசி, நான் பாவி என்றெல்லாம் சொல்லவில்லை. "தப்பு எம்மேலதான்" என்றார். இரண்டே வார்த்தை. ஏழு வருஷமாக ஒரு பெரிய மனுஷன் வாயிலிருந்து வராத வார்த்தை. அதற்காக ஒரு பொம்பளை மழையில் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

எனக்குக் கோபம் அப்போதும் இருந்தது. அதோடேயே சொன்னேன்: "வந்து சொன்னீங்களே மயினி. அதுக்கு நன்றி." திட்டுகிற மாதிரிதான் என் குரல் கேட்டது. ஆனால் நிஜமாகச் சொன்னேன் அக்கா. இத்தனை ஆயிரம் நன்றியை விரலால் அடித்தவன், மனசோடு வாயால் சொன்னது அதுதான் முதல். சொன்ன பிறகு மூச்சு விடக் கொஞ்சம் இடம் கிடைத்தது. இதை நீ தினமும் செய்தாயா? குழாயில் ரத்தம் ஓடும்போதும் செய்தாயா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த மனிதர் எந்த நாளாவது, அதே வரவேற்பறையில், நாலு பேர் கேட்க, பேச்சி திருடவில்லை என்று சொல்லட்டும். அன்றைக்கே அவருக்குத் தனியாக நன்றி நோட்டீஸ் அடித்து, பசைவாளியோடு நானே தெருத்தெருவாக ஒட்டுகிறேன். அதுவரை அவர் பெயரில் ஓர் எழுத்துகூட என் விரல் தொடாது.

இப்படிக்கு,
கோபம் ஆறாத, ஆனால் இப்போதுதான் உன்னைப் புரிந்துகொண்ட
உன் தம்பி முத்தையா