நகுலாம்பிகை என்ற பெயர்

பங்குனி 8, ஞாயிறு

இந்தப் பெயரைக் கொண்டு நான் என்னத்தைக் கண்டேன்? விடை தெரியவில்லை. கேள்வியும் என்னுடையதல்ல. காலையில் பிள்ளையின் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது, வாழைகளுக்கு அந்தப் பக்கம், கிணற்றடியில், தாரணியின் மாமி போனில் யாரிடமோ சொன்னது.

"பேர் வடிவுதான். ஆனா அந்தப் பேரைக் கொண்டு அவ என்னத்தைக் கண்டவ? கலியாணமில்லை, குஞ்சு குருமான் இல்லை. பிள்ளைக்கும் அவவின்ரை நட்சத்திரம். பேரும் அதெண்டால் பலனும் அதாத்தானே வரும்."

குரலில் பகை இல்லை. மழை வருமா என்று யோசிக்கிறவரின் குரல். அதனால்தான் கோபிக்கவும் முடியவில்லை.

வெயில் தொடங்கிவிட்டது. துணி எல்லாம் அரை மணித்தியாலத்தில் மொரமொரப்பாகக் காய்ந்தது.

தாரணி என் பெறாமகள், அக்காவின் மகள். அக்கா போனபின் என்னோடு வளர்ந்தவள். வருகிற வெள்ளி அவள் பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துப் பெயர் வைக்க வேண்டும். என் பெயரைத்தான் வைப்பேன் என்று நிற்கிறாள். அவள் கணவன் ரமணன் பிரான்சிலிருந்து "நீங்களே பாருங்கோ" என்று சொல்லித் தப்பிவிட்டான். அவனுடைய தாய், அந்த மாமி, கொடிகாமத்திலிருந்து வந்து இங்கே நிற்கிறார். வந்த நாளிலிருந்து கூட்டுவது, கழுவுவது எல்லாம் அவர்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளிக்கு முன்: ஐயருக்கு நினைவூட்ட. மாவிலை. பச்சையரிசி. முன்னறை மின்குமிழ் மாற்ற.

பங்குனி 9, திங்கள்

பஸ்ஸில் இடமில்லை. நெல்லியடி தாண்டும்வரை நின்றேன். முழங்கால் நோகிறது.

நூலகத்தில் மதியம் வேலைக்கு நடுவே பேரகராதியை இறக்கிப் பார்த்தேன். தெரிந்ததுதான். ஆனாலும் பார்த்தேன். நகுலம் என்றால் கீரி. நகுலாம்பிகை கீரிமலைக் கோயிலின் அம்பாள். கீரிமுகம் கொண்ட முனிவர் ஒருவர் அங்குள்ள கேணியில் முழுகி முகம் மாறியதாகக் கதை. ஆக, என் பெயரை நேரே விரித்தால் கீரியின் அம்மா. பள்ளியில் கூப்பிட்டதும் "கீரி" என்றுதான். வகுப்பில் பாம்புகளுக்குக் குறைவிருக்கவில்லை. நான்தான் ஒன்றையும் பிடிக்கவில்லை.

பெயர் வந்த வழி பற்றி வீட்டில் இரண்டு கதை. அம்மா: அக்காவுக்குப் பிறகு நெடுநாள் பிள்ளையில்லை, கீரிமலையில் நேர்த்தி வைத்து வந்த பிள்ளை நீ. அப்பா: சாத்திரியார் 'ந' என்று எழுத்துத் தந்தார், ஊர் நிறைய நகுலேஸ்வரிகள், இது வேறாக இருக்கட்டும் என்று வைத்தேன். இருவரும் ஒரே மேசையில் இருந்துதான் சொல்வார்கள். ஒருவரை ஒருவர் மறுத்ததில்லை. நானும் எது சரியென்று கேட்கவில்லை. இப்போது கேட்க ஆளில்லை.

பல வருடங்கள் ஆமி கீரிமலைப் பக்கம் போகவே விடவில்லை. பாதை திறந்தபின் ஒருநாள் போனேன். பெண்கள் கேணியின் படியில் காலை நனைத்தேன். தண்ணீர் குளிர்ந்தது. வேறொன்றும் தோன்றவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இந்தப் பெயருடைய இன்னொருத்தியை இதுவரை சந்தித்ததில்லை. நகுலா, நகுலினி, நகுலேஸ்வரி உண்டு. நகுலாம்பிகை நான் ஒருத்திதான்.

பங்குனி 10, செவ்வாய்

குமிழ் மாற்றியாயிற்று.

பின்னேரம் தாரணி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனில் பெயர் தேடினாள். ஏதோ ஒரு தளம். முழுப் பெயரைப் போட்டால் அப்படியொரு பெயர் பட்டியலில் இல்லையாம். நகுல் என்ற ஆண்பிள்ளையின் பெயரைத் தேடுகிறீர்களா என்று கேட்டதாம். நகுலா என்று போட்டதும் எல்லாம் வந்தது. வாசித்தாள். கருத்து: அழகானவள். அதிர்ஷ்ட நிறம் பச்சை. நண்பர்கள் பலர். பயணத்தில் விருப்பம். பிரபலம்: மிகக் குறைவு.

கடைசி மட்டும் சரி.

மாமிக்குக் கொடிகாமத்தில் எண்சாத்திரம் பார்க்கிறவர் எழுதிக் கொடுத்த பெயர்கள்: நிவிக்சா, நேருஜா, நுவிதா. நிவிக்சாவுக்கு இலக்கம் நல்லாய் வருகிறதாம். பிள்ளையின் நட்சத்திரம் அனுஷத்துக்கு 'ந' வரிசை எழுத்து வந்தால் போதும்தானே, நகுலாம்பிகையும் 'ந' தானே என்று தாரணி பிடித்துக்கொண்டாள்.

"போதும் பிள்ளை," என்றார் மாமி. "ஆனா பிரான்சிலை வெள்ளைக்கார ரீச்சர் அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளை பிள்ளை படிச்சு முடிச்சிடும்."

தாரணி சிரித்துவிட்டாள். நானும்.

மாமி குளிக்கப் போனபின் தாரணி என்னிடம், குரலைத் தாழ்த்தி: "நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கோவன் சின்னம்மா. உங்கடை பேர் உங்களோடை முடிஞ்சு போகட்டுமோ?"

அடுப்பில் சோறு இருந்தது. பார்க்கப் போய்விட்டேன்.

பங்குனி 11, புதன்

சரியான நித்திரையில்லை. பிள்ளை அழவில்லை, நான்தான். அழவில்லை என்று திருத்தி எழுத வேண்டும். புரண்டுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பிரான்ஸ் விசா எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. சித்திரை முடிய தாரணியும் பிள்ளையும் கொடிகாமம் போய் மாமியோடுதான் இருக்கப் போகிறார்கள். அதுதான் முறை, அதில் எனக்குப் பேச்சில்லை. அங்கே பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் என் பெயர்தான் காரணம். பால் கக்கினால் பெயர். பல் பிந்தினால் பெயர். மாமி வாய்விட்டுச் சொல்லமாட்டார். கூப்பிடும்போது ஒரு சின்னத் தயக்கம் இருக்கும். பிள்ளைகளுக்கு அது விளங்கும். நடுவில் நின்று இழுபடப் போவது தாரணி.

வேண்டாம் என்பதற்கு இது போதுமான காரணம். வேறு காரணமும் உண்டா என்பதை எழுத விருப்பமில்லை.

நாளையும் மறுநாளும் லீவு. பேக்கரியில் பாணுக்குச் சொல்லவில்லை, மறந்துவிட்டேன்.

பங்குனி 12, வியாழன்

காற்று இல்லை. புழுக்கம்.

மாமியும் நானும் குசினியில் நாளைக்குப் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தோம். தாரணி அறையில். இதைவிட நல்ல நேரம் வராது என்று சொன்னேன்.

"அக்கா, என்ரை பேர் பிள்ளைக்கு வேண்டாம். தாரணிக்கு நான் சொல்லுறன்."

அவருடைய கை நின்றது. "ஆர் உங்களுக்கு என்ன சொன்னது?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

மாமி இரண்டு காயை முறித்துச் சட்டியில் போட்டார்.

"நான் உங்களைக் குறைச்சு நினைக்கேல்லை தங்கச்சி. பேத்தியல்லோ. எனக்குப் பயம்."

"தெரியும் அக்கா."

உண்மையிலேயே தெரியும். நான் நம்பாத ஒன்றுக்கு அவர் பயப்படுகிறார். பயம் பொய்யில்லை.

பிறகு அவரே தேத்தண்ணி போட்டு வந்தார். நிறையச் சீனி. நான் சீனியை விட்டுப் பல வருடங்கள். முழுவதும் குடித்தேன்.

தாரணியிடம் சொன்னது அதைவிடக் கடினம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நீங்கள் சாத்திரத்தை நம்பேல்லை, கோயிலை நம்பேல்லை, சரி. உங்களையாவது நம்பக்கூடாதோ?" விளக்குப் போடும் நேரம் எழும்பி வந்து, "சரி. நிவிக்சாவாம்," என்றாள். அந்தப் பெயருக்கு என்ன கருத்து என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முடிந்தது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். களைப்பாகத்தான் இருக்கிறது.

பங்குனி 13, வெள்ளி

நடந்ததை நடந்தபடி.

ஐயர் பிந்தித்தான் வந்தார். மோட்டார் சைக்கிள் காற்றுப் போய்விட்டதாம். வீடு முழுக்கத் தண்ணீர் தெளித்து முடிய, மாமி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் தாரணி, தலை குனிந்தபடி. எதிரே செம்பில் சாய்த்து வைத்த போனில் ரமணன், வேலை உடுப்போடு.

ஐயர் பெயர் கேட்டார். மாமி "நிவிக்சா" என்றார். ஐயர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். இரண்டும் இரண்டு மாதிரி வந்தது.

"பதிவுக்கு அது இருக்கட்டும் அம்மா. சங்கற்பத்துக்குச் சுவாமிப் பேர் ஒண்டு தாங்கோ. லட்சுமி, சரஸ்வதி, எதெண்டாலும் சரி."

பதிவுக்கு ஒன்று, பூசைக்கு ஒன்று. இங்கே எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படித்தான். எனக்கு அது நினைவிலேயே வரவில்லை. மாமிக்கும் வந்திருக்காது. பிள்ளையைப் பார்த்தார். நெற்றிப் பொட்டை விரலால் சரி செய்தார். லட்சுமி என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நகுலாம்பிகை எண்டு சொல்லுங்கோ ஐயா."

தாரணி நிமிர்ந்தாள். போனுக்குள்ளிருந்து ரமணன், "என்னம்மா? விளங்கேல்லை," என்றான். மாமி போனின் பக்கம் குனிந்து, இன்னும் உரத்து, "நகுலாம்பிகை," என்றார்.

ஐயர் தொடங்கினார். நகுலாம்பிகை, அனுஷ நட்சத்திரம், விருச்சிக ராசி. அம்மா இருந்தவரை கோயிலில் அருச்சனைக்கு எனக்காக இதே ஒழுங்கில்தான் சொல்வா. அதற்குப் பிறகு ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கை கூப்பினேனா என்று ஞாபகமில்லை. அடுப்பில் பால் பொங்கி ஊற்றுகிற மணம் வந்தது, போய் நிறுத்தினேன். திரும்பி வர நேரம் எடுத்தது.

சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு பேர். கத்தரிக்காய் போதவில்லை. மாமி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. பதிவில் நிவிக்சாதான், அதில் மாற்றமில்லை.

பின்னேரம் மாமி காலை நீட்டிப் பிள்ளையைப் படுக்க வைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். நான் சுடுதண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். தலை நிமிராமல் கேட்டார்:

"உந்தப் பேருக்கு என்ன கருத்து, தங்கச்சி?"

"கீரி," என்றேன்.

பிள்ளை மூக்கைச் சுருக்கிக்கொண்டு, அவரின் எண்ணெய்க் கையோடு இழுபட்டது. மாமி குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"மூஞ்சையைப் பாத்தால் அப்பிடித்தான் கிடக்கு," என்றார்.