சேற்றுத் தண்ணீர் கொடுத்த என் அக்காவுக்கு

என் அடைக்கம்மை அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் தாகம் எடுக்குமா? எடுத்தால் நல்ல தண்ணீர் கிடைக்கிறதா? நான் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். எட்டு வருஷமாக ஒரு ஆளை நினைத்துக் கறுவிக்கொண்டிருப்பவள் எப்படிச் சௌக்கியமாக இருப்பாள்? ஆனால் ஒரு சேதி இருக்கிறது. அவர் வந்தார்.

யார் என்று உனக்குத் தெரியும். இதை அச்சில் படிக்கிறவர்களுக்குத்தான் தெரியாது. ஆமாம் அக்கா, இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நமக்குள் பேசிக்கொள்வதை ஊரார் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பாய். ஊரார் படிப்பது இருக்கட்டும், அந்த ஆள் படிக்க வேண்டும். அவரை ‘அவர்’ என்றே எழுதுகிறேன். கடைக்கு வந்தவர்களை அவன் இவன் என்று பேச நீ என்னை ஒருநாளும் விட்டதில்லை.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழையதைச் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். அத்தான் காய்ச்சலில் போன பிறகு நீ புதுக்கோட்டைக் கீழ வீதிப் பக்கம் ஒரு சந்தில் சாப்பாட்டுக் கடை வைத்தாய். நாலு பெஞ்சு, ஒரு புகைபிடித்த சுவர், கொல்லையில் மூன்று பெரிய பானைகள். அந்தக் கடைதான் என்னைப் படிக்க வைத்து, பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா ஆக்கியது. ரயில் வந்த பிறகு ஊருக்கு வெளியாட்கள் வரத் தொடங்கினார்கள். கோடு போட்டு வைத்தாற்போல் இருக்கும் வீதிகளைப் பார்த்து அதிசயப்படுவார்கள். ஜட்கா பிடித்துத் திருக்கோகர்ணம் கோயிலுக்குப் போவார்கள். நவராத்திரி என்றால் அரண்மனைப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. சுற்றிப் பார்த்துவிட்டுப் பசியோடு உன் கடைக்குத்தான் வருவார்கள்.

அப்படி வந்தவர்தான் அவரும். பழைய ஊர்களைப் பற்றி யாத்திரைப் புத்தகம் எழுதுகிறவர். பட்டணத்திலிருந்து வந்து இருபது நாள் தங்கினார். இருபது நாளும் இரண்டு வேளையும் உன் சாப்பாடு. முதல் பந்தியில் அவருக்குத்தான் இடம். “ஊரப் பத்தி எழுத வந்தவுக, வயிறு வாடக் கூடாது” என்று நீ அவருக்கு மட்டும் இன்னொரு கரண்டி நெய் ஊற்றுவாய்.

சோறு மட்டுமா போட்டாய்? ஊரையே எடுத்து அவர் இலையில் வைத்தாய். சித்தன்னவாசல் குகை ஓவியத்தைப் பார்க்கக் காலையில் போய்விட்டு, ஒன்றும் தெரியவில்லை, ஒரே இருட்டு என்று அலுத்துக்கொண்டு வந்தார். நீ சிரித்தாய்.

“அந்தக் குகை மேற்க பாத்தது சாமி. பொழுது சாயிறப்ப போங்க. வெயிலு உள்ள வந்து விழுகும். அண்ணாந்து பாத்தீங்கன்னா தாமரைக் கொளம் தெரியும். மீனு, அன்னம், யானை அம்புட்டும் தெரியும்.”

மறுநாள் சாயங்காலம் போய் வந்தவர் முகம் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? திருமயம் கோட்டைக்கு வெயிலுக்கு முன்னால் ஏற வேண்டும், குடுமியான்மலைக்கு எந்த வழியாக வண்டி கட்டினால் குலுக்காது, வெள்ளிக்கிழமைச் சந்தையில் மீமிசல் கருவாடு எந்தப் பக்கம், கறம்பக்குடிக்காரர்கள் எந்தப் பக்கம் உட்காருவார்கள், எல்லாம் நீ சொன்னது. சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டார். உன் பெயரை மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. நமக்கு அப்போது அது உறைக்கவில்லை.

கடைசி நாளில் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனார். நீ அப்போதுதான் ஊருணித் தண்ணீரைப் பானையில் ஊற்றிக்கொண்டிருந்தாய். மழை பெய்த மறுநாள். தண்ணீர் செம்மண் கரைத்தாற்போல் இருந்தது. நீ வழக்கம்போல் தேத்தாங்கொட்டையை எடுத்துப் பானையின் உள்வாயில் சுற்றிச் சுற்றித் தேய்த்தாய். நம் சீமையில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டையைத் தேய்த்து வைத்தால் நாலு நாழிகையில் மண்ணெல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் கண்ணாடியாக நிற்கும். இருபது நாளாக அவர் குடித்துவிட்டு ‘அமிர்தம், அமிர்தம்’ என்று சொன்னதும் அதே தண்ணீர்தான். அவர் நின்று பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் சாப்பிட வரவில்லை. நீ அவருக்கு உடம்புக்கு ஆகவில்லையோ என்று பயந்து தூக்குச்சட்டியில் மிளகு ரசம் வைத்து என்னிடம் கொடுத்து அனுப்பினாய். அவர் வாங்கி வைத்துக்கொண்டார். குடித்தாரா, கொட்டினாரா?

புத்தகம் எட்டு மாதம் கழித்து வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்த பிரதியை நான் ஓட்டமும் நடையுமாகக் கடைக்குக் கொண்டுவந்தேன். உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “நம்ம ஊரப் பத்தி என்ன எழுதியிருக்காக, எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி மீனா” என்றாய். மத்தியானப் பந்தி. பெஞ்சு நிறைய ஆட்கள். நான் பெஞ்சுமேல் ஏறி நிற்காத குறையாகப் படித்தேன். சித்தன்னவாசல் வந்தது. மாலை வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்று தாமே கண்டுபிடித்ததாக எழுதியிருந்தார். நீ அதற்கும் பூரித்துப்போனாய். பக்கத்தைப் புரட்டினேன். நாற்பத்தோராம் பக்கம். வாய் முந்திக்கொண்டது, புத்தி பின்னால்தான் வந்தது.

‘கீழ வீதிச் சந்தொன்றில் ஒரு பெண் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். சேற்றுத் தண்ணீரைப் பானையில் ஊற்றி, ஏதோ ஒரு கொட்டையைத் தேய்த்து, நல்ல தண்ணீர் என்று கொடுக்கிறாள். யாத்திரிகர்கள் அவ்விடத்தில் தாக சாந்தி செய்துகொள்ளாதிருப்பது நலம்.’

முழுவதும் படித்துவிட்டுத்தான் நிறுத்தினேன் அக்கா. என் வாயால் படித்தேன். நீ கரண்டியும் கையுமாக நின்றாய்.

“தேத்தாங்கொட்டையவா சொல்றாரு? அது அவருக்குத் தெரியாதாக்கும்? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றாய்.

அவ்வளவுதான் சொன்னாய். கோபம்கூடப் படவில்லை. உனக்கும் சேர்த்து நான்தான் பட வேண்டியிருந்தது.

அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் நம் சந்தைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள். அந்தக் கோடையில் ஊருக்குள் பேதி வந்தது. ஊரே தேத்தாங்கொட்டை தேய்த்த தண்ணீரைத்தான் குடிக்கிறது. ஆனாலும் உள்ளூர் ஆட்களும், “என்ன இருந்தாலும் பொஸ்தகத்துலயே போட்டுட்டாகளே” என்று இழுத்தார்கள். அச்சில் வந்துவிட்டால் தன் வீட்டுப் பானையையே சந்தேகப்படுகிற ஜனம்! நீ தினமும் சோறு வடித்து, தினமும் மாட்டுக்குக் கொட்டினாய். பிறகு வடிப்பதையும் நிறுத்தினாய். இரண்டு வருஷத்தில் படுத்துவிட்டாய். உனக்கு என்ன வியாதி என்று வைத்தியர் ஏதோ பெயர் சொன்னார். எனக்குத் தெரிந்த வியாதியின் பெயர் நாற்பத்தோராம் பக்கம்.

உன் காரியம் முடிந்த பதினேழாம் நாள் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். திருச்சி ரோட்டில், திருக்கோகர்ணம் பக்கம் பஸ் நிற்கிற புங்கமரத்தடியில், ஒவ்வொரு பங்குனியும் உன் பெயரில் தண்ணீர்ப் பந்தல் போட்டேன். நாலு கீற்று, மூன்று பானை. உன் பானைகள்தாம். பள்ளிக்கூட லீவில் நானே உட்கார்ந்து ஊற்றுவேன். “அக்காளுக்குப் புண்ணியம் தேடுற புள்ள” என்று ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கல்லவா தெரியும், அது புண்ணியம் இல்லை, பொறி. பழைய ஊர்களைப் பற்றி எழுதுகிறவர் என்றைக்காவது மறுபடி வருவார், வருகிறவர் அந்த வெயிலில் அந்த மரத்தடியில்தான் இறங்க வேண்டும், இறங்கினால் நாக்கு வறளும். மடியில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆறு கோடை காத்திருந்தேன்.

போன சித்திரையில் வந்தார். யுத்தத்தில் பெட்ரோல் இல்லை, பஸ்கள் கரியில்தான் ஓடுகின்றன. மேடு கண்டால் மூச்சு வாங்கி நின்றுவிடும். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். மேலெல்லாம் கரி, தலை நரைத்து, உதடு வெடித்து வந்து நின்றார். பார்த்த உடனே தெரிந்துகொண்டேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. ரசம் கொண்டுபோனவளை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்?

“அம்மா, கொஞ்சம் தண்ணீர்” என்று கையேந்தினார்.

அந்த நிமிஷம், இல்லை போ என்று சொல்ல என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று டம்ளர். மூச்சு விட்டுவிட்டு, “அமிர்தம்!” என்றார். அதே வார்த்தை! “எந்தக் கிணற்றுத் தண்ணீர் அம்மா?”

“கெணறு இல்லைங்க. ஊருணித் தண்ணி. சேத்துத் தண்ணி. இந்தாங்க, இந்தக் கொட்டையத் தேச்சுத் தெளிய வச்சது” என்று கொட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். மற்றொரு கையில் புத்தகத்தைக் கொடுத்தேன். “நாப்பத்தோராம் பக்கம். வாய் விட்டுப் படிங்க. இவுக எல்லாரும் கேக்கணும்.”

பஸ் ஆட்கள் இருபது பேர் நின்றார்கள். டிரைவர் எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹாண்டிலைக் கையில் பிடித்தபடி நின்றார். புத்தகம் எழுதியவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. படித்தார். ‘சேற்றுத் தண்ணீரை’ என்கிற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

“முடிச்சிருங்க. நான் அன்னைக்கு முழுசாப் படிச்சேன்” என்றேன்.

முடித்தார். சந்தைக்குப் போகிற கிழவர் ஒருவர், “ஏஞ்சாமி, இதக்கூடத் தெரியாமயா பொஸ்தகம் எழுதுனீங்க? எங்கிட்டுப் பொறந்தீங்க?” என்று கேட்டார். எனக்கு உள்ளே குளிர்ந்தது அக்கா. பொய் சொல்ல மாட்டேன், தித்தித்தது.

அவர் கண் கலங்கியது. மன்னிக்கச் சொன்னார்.

“மன்னிக்க வேண்டியவுக செத்து ஆறு வருஷமாச்சு. அங்கிட்டுப் போயித்தான் கேக்கணும். என்கிட்ட கேட்டா எப்படி?” என்றேன்.

அப்போதுதான் முதல் தடவையாக உன் பெயரைக் கேட்டார். சொன்னேன். பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினார். புத்தகம் இரண்டாம் பதிப்பு வரப்போகிறது, தவற்றைத் திருத்தி, உன் பெயரைப் போட்டு, தேத்தாங்கொட்டையைப் பற்றியும் எழுதுகிறேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். நான் நம்பினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். பழி தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

போன மாதம் இரண்டாம் பதிப்பு தபாலில் வந்தது. நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தேன். நீ இல்லை. உன் கடை இல்லை, சந்து இல்லை, சேற்றுத் தண்ணீரும் இல்லை. அந்த மூன்று வரியைத் துடைத்து எடுத்துவிட்டார். சித்தன்னவாசலை இன்னமும் அவரே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். ஊருக்குள் நுழைகிற இடத்தைப் பற்றி ஒரு வரி புதிதாக இருக்கிறது: ‘சாலையோரத்தில் ஒரு பெண் தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிறாள், நீர் அமிர்தம்.’

அப்போது ‘ஒரு பெண்’. இப்போதும் ‘ஒரு பெண்’!

கூடவே ஒரு கடுதாசி. யுத்த காலத்துக் காகிதப் பஞ்சம், சில வரிகளைச் சுருக்க வேண்டியதாயிற்று, மன்னிக்கவும் என்று. அக்கா, உன் பெயருக்கு ஆறு எழுத்து. என் பள்ளிக்கூடத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டு மூலையில் எழுதிவிடும். ‘அமிர்தம்’ என்று எழுத இடமிருந்தது, அடைக்கம்மை என்று எழுத இடமில்லை. உன்மேல் பழி போட்டபோதாவது நீ அந்தப் புத்தகத்தில் இருந்தாய். இப்போது ஊரிலேயே இருந்ததில்லை என்று ஆக்கிவிட்டார். இதில் எது பெரிய துரோகம்?

அதனால்தான் இந்தக் கடிதம். இதில் உன் பெயர் எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் வரட்டும். அவர் பெயர் ஓரிடத்திலும் வராது. ‘ஒரு பெண்’ என்று எழுதியவர், ‘ஒரு ஆள்’ என்று அச்சில் வந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும். பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் கிழித்து அருகருகே வைத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறேன். பானைகளுக்கு மேலே மாட்டப் போகிறேன். புதுக்கோட்டைக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் படிக்கட்டும், பிறகு சித்தன்னவாசலைப் பார்க்கட்டும். அது மேற்குப் பார்த்த குகை, பொழுது சாய்கிறபோது போக வேண்டும் என்று சொன்னவள் அடைக்கம்மை. இதோ, எழுதியாயிற்று. காகிதம் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற பங்குனியிலும் பந்தல் போடுவேன். உயிர் இருக்கிற வரைக்கும் போடுவேன். வருகிறவர் போகிறவர் எல்லாரும் கையை நீட்டினால் போதும், ஊற்றுவேன். அவர் வந்தாலும் இல்லையென்று சொல்ல மாட்டேன், நீ வளர்த்த வளர்ப்பு அப்படி. ஆனால் அவருக்கு மட்டும் ஒரு சட்டம். எத்தனை வெயிலானாலும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும், “அடைக்கம்மை தண்ணீர் கொடுங்கள்” என்று அவர் வாயால் கேட்க வேண்டும். கேட்கிற வரைக்கும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நிற்பேன்.

உன் வாயில்லாப் பொறுமையில் துளியும் வாய்க்காத தங்கை,
மீனாள்