சுவரில் ஒட்டிய ஏழு முகங்கள்

சங்கரன்கோவில்
14.2.1981

அன்புள்ள வேதாவுக்கு,

நான் சுகம். ஆரணியில் நீயும் குழந்தையும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு சின்ன விஷயம். பயப்படாதே, என் வேலைக்கு ஒன்றுமில்லை. விசைத்தறிக் கொட்டகையில் பெல்ட் இழுத்து ஒருத்திக்குக் கை போய்விட்டது. பெல்ட்டுக்கு மூடி போடச் சொல்லி, உடன் வேலை செய்த ஏழு பெண்கள் தறியை நிறுத்தினார்கள். டிராயிங் வாத்தியார் என்று என்னிடம் வந்து போஸ்டர் கேட்டார்கள். அவர்கள் முகங்களையே பலகையில் செதுக்கிக் கொடுத்தேன். அவர்களே மை தடவி, கரண்டி முதுகால் தேய்த்து அச்செடுத்து ஊரெல்லாம் ஒட்டினார்கள்.

நாலாம் நாள் கொட்டகை முதலாளி பள்ளிக்கூடத்துக்கே வந்து என் கையைக் குலுக்கினார்.

"அச்சு அசலா இருக்கு சார். ஆளத் தேடுத சோலி மிச்சம்."

அந்தப் போஸ்டர்களை உரித்து, இவர்களை வேலைக்குச் சேர்க்காதே என்று எல்லாக் கொட்டகை வாசலிலும் ஒட்டவைத்துவிட்டார். ஏழு பேருக்கும் இந்த ஊரில் இனி எங்கும் வேலை கிடையாது.

நேற்று அவர்களில் ஒருத்தி, பேச்சித்தாய், வந்தாள். திட்டவில்லை.

"எங்க மூஞ்சியெல்லாம் வெட்டுனியளே, ஒங்க மூஞ்சிய ஏன் சார் வெட்டல?"

பலகையில் இடமில்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வெங்காய வடகம் கொஞ்சம் அனுப்பு. பக்கத்து வீட்டுச் சண்டையாக இருந்தாலும் சரி, நீளமாக எழுது. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

பலகையில் இடம் இருந்தது, வேதா.

உன்
ஏகாம்பரம்