மாவு வண்டிக்கு ஒரு பெட்டி

மட்டாஞ்சேரி,
திங்கட்கிழமை

மகாவின் அப்பாவுக்குப் பொன்மணி எழுதுவது.

நானும் மகாவும் சுகம். உங்க சுகத்தை அங்கே உங்களைக் கவனிக்கிற தன்யா மேடம் போனில் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். குடியை நிறுத்த வந்தவர் கையில் போன் தரமாட்டோம், கடிதம் வேண்டுமானால் எழுதுங்க என்று ஆலுவாவில் உங்களைச் சேர்த்த அன்றே சொல்லிவிட்டார்களே. வருகிற கடிதத்தை எல்லாம் முதலில் ஆபீஸில் பிரித்துப் படிப்பார்களாம். ஆனால் அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லையாம். அதனால் மனசில் இருப்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலில் கேட்டுவிடுகிறேன். கேரியரில் கட்டியிருந்தீங்களே பிரம்புக் கூடை, அதை எங்கே வாங்கினீங்க? கல்வத்திப் பாலத்தில் நீங்க சைக்கிளோடு விழுந்த அன்றே அதன் அடி பிளந்துவிட்டது. சணல் போட்டு இறுக்கிக் கட்டி ஓட்டிப் பார்த்தேன். நேற்று குஜராத்தி ரோட்டில் அடி கழன்று, மாவுப் பாக்கெட் எல்லாம் ரோட்டில். ஒரு ஆட்டோ ஏறி நாலைந்து நசுங்கியே போச்சு. ஆட்டோக்காரன் இறங்கி வந்து டயரில் ஒட்டின மாவுக்கு என்னைத் திட்டுகிறான். நானும் விடவில்லை, பதிலுக்கு நன்றாகக் கொடுத்தேன்.

நீங்க இல்லையென்று மாவு ஆட்டுவதை நான் நிறுத்தவில்லை. கிரைண்டர் எப்பவும் என் வேலைதானே. இப்போது வீடு வீடாகக் கொண்டு கொடுப்பதும் என் தலையில். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதே, உருட்டிக்கொண்டு போகிறேன். மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போகிற மாதிரி போகிறாய் என்று பக்கத்து வீட்டு வசந்தி சிரிக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் பயப்படுவது ஆனந்தகுமாருக்குத்தான். பள்ளுருத்தியிலிருந்து ஸ்கூட்டரில் மாவு கொண்டுவருகிறானே, அவன் நம்மகிட்ட மாவு வாங்குகிற வீடுகளில் பெல் அடிக்க ஆரம்பித்துவிட்டான். நீங்க திரும்பி வருகிறபோது உங்களுக்கு ஒரு வேலை காத்திருக்க வேண்டாமா? வேலையில்லாமல் உட்கார்ந்தால் கால் தானாக எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அதுக்குத்தான் இந்த ஓட்டம்.

கூடைக்கடை எங்கே என்று ஒரு வரி எழுதிப் போடுங்க. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க.

இப்படிக்கு,
பொன்மணி


மட்டாஞ்சேரி,
சனிக்கிழமை

மகாவின் அப்பாவுக்கு,

ஒரு வரிகூட வரவில்லை. கை நடுங்குகிறதா, இல்லை மனசு வரவில்லையா? எதுவானாலும் சரி, கூடைக்கடைக்காக நான் காத்திருக்க முடியுமா? நானே தேடப் போனேன்.

பால் கிரேட் நல்ல உறுதி என்று பால் பூத்தில் கேட்டேன். கம்பெனி சாமான், தொட்டால் போலீஸ் கேஸ் ஆகும் என்று அந்தச் சேட்டன் மிரட்டி அனுப்பினார். பிறகு எர்ணாகுளம் மார்க்கெட்டுக்குப் படகேறிப் போனேன். தக்காளிப் பெட்டி எல்லாம் திரும்ப ஒட்டன்சத்திரம் போகணுமாம். தக்காளிக்காரர் நம்ம தமிழ்நாட்டு ஆள்தானே, தமிழில் பேசினால் ஒன்று தருவார் என்று பார்த்தேன். தமிழில் பேசினதற்குச் சாயா வாங்கிக் கொடுத்தார், பெட்டி கொடுக்கவில்லை.

கடைசியில் தோப்பும்படி ஹார்பரில் ஒரு நீலப் பெட்டி கிடைத்தது. மீன் பெட்டிதான். ஆனால் எப்படிப்பட்ட உறுதி தெரியுமா, மேலே ஏறி நின்றே பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்து, சோப்புப் பொடி போட்டுத் தேய்த்து, வேப்பிலை போட்டு வெயிலில் கவிழ்த்து வைத்தேன். மகாவும் நானும் மாறி மாறி முகர்ந்து பார்த்தோம். ஒரு வாசனையும் இல்லை. அட, தினம் மீன் தின்கிற மூக்குக்கு மீன் வாசனை தெரியுமா? இந்தப் புத்தி எனக்கு அப்போது வரவில்லை. கோயிலுக்குப் பின்னால் இருக்கிறார்களே பாலக்காட்டு அம்மிணி மாமி, அவர்கள் வீட்டுக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. பெட்டி நனைந்தது. மாமி பாக்கெட்டை வாங்கினார்கள், மூக்குக்குக் கொண்டுபோனார்கள், உளுந்தோடு மத்திமீனையும் போட்டு ஆட்டினாயா பொன்மணி என்று வாசலில் நின்று கேட்டார்கள். எதிர் வீட்டுக் குஜராத்தி அம்மா காதில் அது விழுந்ததுதான் தாமதம். அன்றைக்குக் கொண்டுபோனதில் பாதி அப்படியே திரும்பி வந்தது. மகாவும் நானும் விடாமல் தோசை தின்றோம்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. ஆக்ரிக்கடையில், அதுதான் பழைய இரும்பு வாங்கும் கடையில், ஒரு சிவப்புக் கிரேட் பார்த்தேன். பீர் பாட்டில் அடுக்குகிற கிரேட். உள்ளே இருந்த தடுப்பை அறுத்தெடுத்துக் கொடுத்தார்கள். கேரியரில் அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்துவிட்டது. எவ்வளவு ஏற்றினாலும் அசையவில்லை. பாருங்க வேடிக்கையை, எந்தப் பெட்டி நம்ம வீட்டைக் கவிழ்த்ததோ அதே பெட்டிதான் இப்போது நமக்குச் சோறு போடுகிறது! தெருவில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

மகாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது. உங்களைப் பற்றி அவள் ஒன்றும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

இப்படிக்கு,
பொன்மணி


மட்டாஞ்சேரி,
புதன்கிழமை

மகாவின் அப்பாவுக்கு,

இதைக் கடைசி வரை படியுங்க. பாதியில் மடித்து வைக்காதீங்க.

நேற்று தன்யா மேடம் கூப்பிட்டார். போன கடிதத்தைப் படித்தபிறகு நீங்க சாப்பாட்டுக்கு வரவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை வெளியே விடும்போது மட்டாஞ்சேரிக்குப் போகமாட்டேன், திருப்பூரிலிருந்து தம்பி வருவான், அவனோடு போய்விடுவேன் என்று சொன்னீங்களாம். மகா முகத்தில் முழிக்க முடியாது என்றீங்களாம். கடிதத்தில் அப்படி என்ன எழுதினீர்கள் என்று மேடம் என்னைக் கேட்கிறார். சைக்கிளுக்குப் பெட்டி வாங்கினதை எழுதினேன் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துபோச்சு.

உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. கொஞ்சம் குத்தலும் இருந்தது. எனக்கும் கோபம் இருக்காதா? ஊரே வேடிக்கை பார்க்க நீங்க பாலத்தில் விழுந்து கிடந்தபோது, யூனிபார்மோடு மகா ஓடிவந்து உங்க தலையைத் தூக்கிப் பிடித்தாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அந்தச் சிவப்புக் கிரேட்டை நீங்க திரும்பி வந்து பார்த்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் நான் யோசித்திருக்க வேண்டும். உறுதியாக இருக்கிறதா, மாவைத் தாங்குமா, அது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது. தினம் காலையில் அதைத் தூக்கிக் கட்டப்போவது யார் என்று நினைக்கவில்லை.

போனை வைத்த கையோடு கிரேட்டை அவிழ்த்து ஆக்ரிக்கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். காலிப் பெட்டி என்ன செய்யும் சேச்சி, அதிலே போதை ஏறுமா என்று கடைக்காரர் சிரித்தார். உங்க வீட்டு ஆம்பளை ஆலுவாவில் இருந்தால் உங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வசந்தி பஜார் ரோட்டு குடோனில் சுக்கு பொறுக்கும் வேலைக்குப் போகிறாள் இல்லையா? என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள், சொன்னேன். அன்றைக்கே அவளுடைய சூப்பர்வைசரைக் கேட்டு ஒரு பழைய தேயிலைப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். பலகை மெலிசுதான், ஆனால் மூலைக்கு மூலை தகரம் அடித்திருக்கிறது. கனமே இல்லை. சைக்கிள் ரிப்பேர் கிருஷ்ணபிரசாத் இரும்புப் பட்டை வைத்துக் கேரியரில் முடுக்கினான். மூடின பெட்டியில் சூடு அடைந்து மாவு பொங்கிவிடும் என்று சொல்லி, சுற்றிலும் துளை போடச் சொன்னேன். உள்ளே இன்னும் சாயாப்பொடி வாசனை இருக்கிறது. சாயா வாசனைக்கு எந்த வீட்டிலும் முகம் சுளிக்கமாட்டார்கள். இன்று காலை அம்மிணி மாமி தானாகவே வாசல் கேட்டுக்கு வந்தார்கள். பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பாக்கெட்டைத் தொட்டார்கள், அது வேறு விஷயம்.

பெட்டியின் பக்கவாட்டில் மகா பெயிண்டில் மலையாளத்தில் எழுதியிருக்கிறாள். தோசைமாவு என்று எழுதியிருப்பாள் என்று நினைத்து நானும் தெருத்தெருவாக உருட்டிக்கொண்டு போனேன். எனக்குத்தான் மலையாளம் படிக்க வராதே. மாமி அதைப் படித்துவிட்டு, ஓ, அவன் வரானா, எப்போ என்று கேட்டார்கள். யார் மாமி என்றேன். உன் பெண் எழுதினது உனக்கே தெரியாதா என்று விரல் வைத்துப் படித்துக் காட்டினார்கள். உங்க பேரைத்தான் எழுதியிருக்கிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்க பேரை நான் வாயால் சொன்னதில்லை. கடித உறையில் விலாசம் எழுதக்கூட மகாவைத்தான் கூப்பிடுகிறேன். உங்களுக்கு இது போய்ச் சேரணும் என்பதற்காக இன்றைக்கு எழுதுகிறேன். பெட்டியில் இருப்பது இதுதான்: பிச்சை அண்ணாச்சி தோசைமாவு.

தெருவாசல் என்றுகூடப் பார்க்காமல் அங்கேயே நின்று அழுதேன். மாமி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து மகாவைக் கேட்டேன், ஏன்டீ அப்பா பேரை எழுதினாய் என்று. பின்னே யார் பேரை எழுத, ஆனந்தகுமார் பேரையா என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். உங்க மகள்தான், சந்தேகமே இல்லை. இவள் முகத்தில் முழிக்கத்தான் உங்களுக்குப் பயமா?

கல்வத்திப் பாலத்துப் பக்கம் இனிப் போகவேண்டாம். அந்தப் பக்கத்து மூன்று வீட்டையும் விட்டுவிட்டேன். போனால் போகட்டும். அதற்குப் பதிலாகக் கோயில் பக்கம் புதிதாக இரண்டு வீடு பிடித்திருக்கிறேன். வழியில் பாரும் இல்லை, கள்ளுக்கடையும் இல்லை. நடந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. பெட்டியை மாட்டி முடித்ததும் கிருஷ்ணபிரசாத் சீட்டையும் இறக்கித் தரட்டுமா என்று கேட்டான். எத்தனை நாள் உருட்டுவீங்க, ஓட்டிப் பழகுங்க சேச்சி என்றான். ஸ்பேனரைக்கூட எடுத்துவிட்டான். தொடாதே என்றேன். கத்தியே விட்டேன் போலிருக்கிறது, பாவம், பையன் பயந்துபோனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மகாவும் ஆலுவாவில் கேட்டுக்கு வெளியே நிற்போம். உங்க தம்பியும் வரட்டும். வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டுவிட்டு அவர் திருப்பூருக்குப் போகட்டும், தனியாக. இல்லை, அவரோடுதான் போவேன் என்று நீங்க சொன்னால் கையைப் பிடித்து இழுக்கமாட்டேன். திங்கட்கிழமை காலையில் சீட்டை இறக்கச் சொல்லி, விழுந்து எழுந்தாவது ஓட்டக் கற்றுக்கொள்வேன். முடியாது என்று நினைக்காதீங்க. பெட்டியில் இருக்கிற பேரை மட்டும் அழிக்கமாட்டேன்.

ஞாயிறு வரைக்கும் சீட்டு உங்க உயரத்தில்தான் இருக்கும்.

சங்கரன்கோவில் கோமதியம்மன் உங்களுக்குத் துணையிருக்கட்டும். இதைப் படிக்கிற அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லாதீங்க.

இப்படிக்கு,
உங்க சைக்கிளை உருட்டிக்கொண்டிருக்கும்
பொன்மணி